பாஹா பாட்டை ஐப்பசியில் கேட்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கிழக்கிந்தியப் பழங்குடிகளான சந்தால் மக்களின் ஆட்டங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரை படித்தோம். படங்கள் அருமை. ஆனால் பூத்திருவிழாவான பாஹா, அறுவடைத் திருவிழாவான சொஹ்ராய், லாக்ரே ஆட்டம், தசராவை ஒட்டி வரும் தாசாய் எல்லாவற்றையும் 'நாட்டுப்புற நடனம்' என்று ஒரே பட்டியலில் அடுக்கியது சரியில்லை.

சந்தாலியில் பாட்டு 'சேரெஞ்', மேளத்தின் அடி 'ரு', ஆட்டம் 'எனெச்'. மூன்றும் சேர்ந்தால்தான் அது லாக்ரே. லாக்ரேயை எப்போது வேண்டுமானாலும் ஆடலாம். பாஹா அப்படியில்லை. சால் மரம் பூக்கும் மாசி, பங்குனி வாக்கில், ஊர்ப் பூசாரியான நாயகே ஜாஹேர் என்ற சாமித் தோப்பில் சால் பூவையும், நம் இலுப்பைக்கு நெருங்கிய மகுவாப் பூவையும் படைத்த பிறகுதான் பெண்கள் புதுப் பூவைத் தலையில் வைப்பார்கள். அந்தச் சமயத்துப் பாட்டை ஐப்பசியில் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் மேளமில்லாத வெறும் வரிகள்தான் கிடைக்கும். வற்புறுத்தினால் தெரிந்த லாக்ரே அடியை வாசித்துவிடுவார்கள். அது 'பாஹா தாளம்' என்று ஆய்வேட்டில் ஏறிவிடும்.

பாஹாவில் மூன்று ஆண்கள் மேல் சாமி வரும். மோரெகோ வில்லும் அம்பும் எடுப்பார், மராங் புரு கோடரி எடுப்பார், ஜாஹேர் ஏரா கூடையும் துடைப்பமும் எடுப்பாள். பெண் தெய்வம் ஆண் மேல் வருவதைக் கட்டுரை 'பெண் வேடக் கூத்து' என்கிறது. சாமியாடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாமா?

ஒலிப்பதிவிலும் ஒரு சிக்கல். பெண்கள் கைகோத்து வளைந்த வரிசையாக நகர்வார்கள், மேளக்காரர்கள் உள்பக்கம் நிற்பார்கள். மைக்கை ஓரிடத்தில் நட்டுவிட்டால் குச்சியால் அடிக்கும் தமாக் முரசு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பெண்கள் குரல் வந்து வந்து போகும். ஒரு மைக் தும்தாக் மத்தளத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கட்டும். இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வரிசையோடு நடக்க வேண்டும். எழுத்தில் பெயர்க்கும்போது சொல்லின் கடைசி மெய்யைக் கவனிக்க வேண்டும்: 'எனெச்' என்பதில் 'ச்' வெடிக்காமல் தொண்டையிலேயே அடைபடும். 1925-இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி என்ற சந்தாலி எழுத்தில் இதற்கு வழி உண்டு. தமிழில் கிடையாது, அதனால் ஓர் அடையாளக் குறியாவது போடுங்கள்.

பிந்தி எனும் படைப்புக் கதை ஓதுதலைப் பற்றிக் கட்டுரையாளர் சொல்வதும் இடிக்கிறது. கொலியான் என்ற சந்தால் குரு சொல்ல, ஸ்க்ரெப்ஸ்ருட் என்ற பாதிரியார் எழுதி 1887-இல் அச்சான வடிவத்தை 'மூலம்' என்றும், இன்று ஓதுபவர்கள் 'பிழையாக' ஓதுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஹாஸ், ஹாசில் என்ற பறவைகளும் பில்சு ஹாடாம், பில்சு பூடி என்ற முதல் தம்பதியும் பொது. மற்றவை ஊருக்கு ஊர், ஓதுபவருக்கு ஓதுபவர் மாறும். 1887 வடிவமும் ஒரு குரு ஓதியதுதான்.

கடைசியாக, தாசாய் படத்தின் கீழ் 'வில்லுடன் வேட்டைக்குச் செல்லும் ஆண்கள்' என்று அச்சாகியிருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது புவாங்: சுரைக்குடுவை கட்டிய இசைக்கருவி. நரம்பை இழுத்துவிட்டால் அதன் பெயரையே சொல்லும்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்