ஹெட்லைட்டை ஆட்டோவிலேயே விட்டுவை

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், பழைய காரை இனி அவள்தான் ஓட்டப்போகிறாள் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. என் வாழ்த்தைச் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது, மற்றபடி குறையில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். புதுக் காரை இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. ஹெட்லைட் ஸ்விட்ச் 'ஆட்டோ'வில், அதாவது இருட்டினால் விளக்கு தானாக எரியும் நிலையில், இருப்பதுதான் காரணம் என்று யாரோ சொல்ல, தினமும் அதை ஆஃபுக்குத் திருப்பிவிட்டு இறங்குகிறாய். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. அதனால் பேட்டரிக்கு ஒரு லாபமும் இல்லை, ஓட்டுகிறவருக்கு ஆபத்துதான் உண்டு.

முன்கண்ணாடியின் அடியில் டேஷ்போர்டின் மேல், அல்லது உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், சின்னதாக ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். அதுதான் வெளிச்சத்தை அளக்கும் சென்சார். அளந்ததை அது பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்கு, அதாவது மெக்கானிக்குகள் பிசிஎம் என்று சொல்லும் பெட்டிக்கு, அனுப்பும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போதுதான் பிசிஎம் அதைப் பொருட்படுத்தி விளக்கைப் போடும். வண்டியை முறையாக அணைத்துப் பூட்டிய பிறகு சென்சார் கும்மிருட்டில் கிடந்தாலும் ஹெட்லைட் எரியாது. வேண்டுமானால் சோதித்துப் பார். பகலில் இக்னிஷனைப் போட்டு, ஸ்விட்சை ஆட்டோவில் வைத்து, குமிழின் மேல் கறுப்புத் துணியை இரண்டாக மடித்துப் போடு. ஓரிரு நொடியில் விளக்கு எரியும். துணியை எடுத்தால் உடனே அணையாது, கொஞ்சம் காத்திருந்துதான் அணையும். அது கோளாறு இல்லை. வாகன விளக்குகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 48-இல் இதற்கு அளவே உண்டு: வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் கீழே போனால் 2 நொடிக்குள் எரிய வேண்டும், 7000 லக்ஸுக்கு மேலே போனால் அணைய வேண்டும், ஆனால் 5 நொடிக்கு முன்னால் அணையக் கூடாது, 300 நொடியைத் தாண்டவும் கூடாது. மர நிழலிலும் பாலத்தடியிலும் விளக்கு விட்டுவிட்டு எரியாமல் இருக்கத்தான் இந்தத் தாமதம்.

வண்டியை அணைத்த பிறகும் வீட்டு வாசல்வரை வெளிச்சம் காட்டிவிட்டு அணைகிறதே, அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். கணக்கு போடு. ஹாலஜன் டிம் பல்பு ஒன்று 55 வாட், இரண்டுக்கு 110. முன்னும் பின்னும் நான்கு பார்க்கிங் பல்புகள், நம்பர் பிளேட்டுக்கு இரண்டு, தலா 5 வாட் என்று 30. மொத்தம் 140 வாட், ஏறத்தாழ 12 ஆம்ப். ஒரு நிமிடம் எரிந்தால் 0.2 ஆம்ப்-மணி (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). 45 ஆம்ப்-மணி பேட்டரியில் அது அரை சதவீதம்கூட இல்லை. எல்இடி ஹெட்லைட் என்றால் இன்னும் குறைவு. செட்டிங்ஸில் அந்த நேரத்தை 30 நொடிக்குக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் பேட்டரிக்காக அதைச் செய்யத் தேவையில்லை.

அப்படியானால் ஹெட்லைட் ஸ்விட்சால் பேட்டரி இறங்கவே இறங்காதா? இறங்கும், அது ஆட்டோவை விட்டு நகர்ந்தால். ஸ்விட்ச் பார்க்கிங் லைட்டில் நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. பல கார்களில் அந்த நிலையில் இக்னிஷனை அணைத்தாலும் பார்க்கிங் லைட் எரிந்துகொண்டே இருக்கும். இருட்டான சாலையோரத்தில் நிறுத்தும்போது மற்றவர் கண்ணில் படுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த 30 வாட் இரண்டரை ஆம்ப் இழுக்கும். பத்து மணி நேரத்தில் 25 ஆம்ப்-மணி போய்விடும், காலையில் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். டிம்மிலேயே ஸ்விட்சை விட்டால் ஒவ்வொரு காரும் ஒவ்வொரு விதம். சில கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிடும், சில டிம்மை மட்டும் அணைத்து பார்க்கிங் லைட்டை விட்டுவைக்கும், பழைய வண்டிகள் எதையும் அணைக்காது. எதுவுமே அணையாத வண்டியில் 12 ஆம்ப் போனால் இரண்டு மூன்று மணி நேரம் போதும். காகிதத்தில் நான்கு மணி நேரம் வருகிறதே என்பாய். பேட்டரியின் மேல் எழுதியிருப்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. அதோடு பேட்டரி காலியாகும்வரை செல்ஃப் காத்திருக்காது. நூறு ஆம்புக்கு மேல் ஒரே மூச்சில் தர முடியாத நிலை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும்.

ஐரோப்பிய வடிவமைப்பு கார்களில் இன்னொன்று உண்டு. இக்னிஷனை அணைத்த பிறகு இண்டிகேட்டர் தண்டு இடமோ வலமோ சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பார்க்கிங் லைட் மட்டும் எரியும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எதிர்ப்பக்கமாக நடந்து வந்து பூட்டுகிறவர் கண்ணில் அது படவே படாது.

அடுத்தது, வண்டி முழுதாக அணையாமல் இருப்பது. பட்டன் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி'-இல் இல்லாமல் பட்டனை அழுத்தினால், இன்ஜின் நிற்கும், ஆனால் பல கார்களில் மின்சாரம் ஆஃபுக்குப் போகாமல் ஆக்சஸரியில், அதாவது ரேடியோ போன்றவைக்கு மட்டும் மின்சாரம் போகும் நிலையில், நின்றுவிடும். பிரேக்கை மிதிக்காமல் பாட்டு கேட்க இரண்டு முறை பட்டனை அழுத்தினால் இக்னிஷன் ஆனுக்கே போய்விடும். மூடிய கராஜில் இப்படி உட்கார்ந்திருந்தால் நட்டநடுப் பகலிலும் சென்சார் இரவு என்று நினைத்து ஹெட்லைட்டைப் போடும். ஆட்டோவால் பேட்டரி இறங்கும் நேர்மையான சந்தர்ப்பம் இது ஒன்றுதான். இறங்கும்போது மீட்டரில் ஒரு விளக்கும் இல்லை என்று பார்த்துவிடு, போதும்.

இன்று மாலை இருட்டும் நேரத்தில் இரண்டு கார்களையும் சுவரைப் பார்த்து நிறுத்தி இதைச் செய். ஸ்விட்ச் ஆட்டோவில், விளக்கு எரியும்போது அணைத்து, இறங்கி, பூட்டி, சுவரில் வெளிச்சம் எப்போது போகிறது என்று பார். பிறகு வண்டியைச் சுற்றி வா. நான்கு மூலையும், நம்பர் பிளேட் விளக்கும். அடுத்து ஸ்விட்சை பார்க்கிங்கில் வைத்து அதையே செய், கதவைத் திறக்கும்போது எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று கேள். கடைசியாக இண்டிகேட்டரைச் சாய்த்துவிட்டு. மகளையும் கூட வைத்துக்கொண்டு செய், பழைய வண்டியின் குணம் அவளுக்கும் தெரியட்டும்.

இனி உன் புதுக் காரின் நோய். எவ்வளவு நேரத்தில் பேட்டரி இறங்குகிறது என்பதே பாதித் துப்பு. ஒரே இரவில் இறங்கினால் 2 ஆம்புக்கு மேல் எதுவோ எரிகிறது. மூன்று நாளில் என்றால் 0.3 ஆம்ப் அளவில் கசிவு: ஒரு நாளைக்கு 7 ஆம்ப்-மணி, மூன்று நாளில் பாதி பேட்டரி. இரண்டு மூன்று வாரம் தாங்கினால் கசிவே இல்லை. எல்லா மாட்யூலும், அதாவது பிசிஎம் போன்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளும், தூங்கிய பிறகும் 20 முதல் 50 மில்லிஆம்ப் வரை போவது இயல்பு. நீ சொல்வது இரண்டாவது ரகம். ஹெட்லைட்டோ பார்க்கிங் லைட்டோ இருந்திருந்தால் முதல் இரவே தாங்கியிருக்காது. எனக்குச் சந்தேகம் நீ புதிதாக மாட்டிய டேஷ் கேமரா மேல்தான். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும்படி ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக எடுத்திருந்தால் அது 0.2 முதல் 0.5 ஆம்ப்வரை இழுக்கும். கணக்கு அப்படியே பொருந்துகிறது. அதன் வயரிங்கில் வோல்டேஜ் கட்-ஆஃப் (பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் கேமரா அணைய வேண்டும் என்ற வரம்பு) அமைக்க ஒரு சின்ன ஸ்விட்சோ, கேமரா மெனுவில் ஓர் இடமோ இருக்கும். 11.8-இல் இருந்தால் 12.4-க்கு ஏற்று. 11.8 வோல்ட்டில் பேட்டரி கிட்டத்தட்ட காலி, அங்கே போய் கேமரா அணைந்து யாருக்கு என்ன பயன்?

சந்தேகத்தை நம்பிப் பொருளைப் பிடுங்காதே, அளந்து பார். பானெட்டைத் திறந்து வை. ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் ஆக்கு. வண்டி கதவு சாத்தியிருக்கிறது என்று நம்பும். (முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்து, இல்லாவிட்டால் பூட்டு உடையும்.) சாவியை வீட்டுக்குள் தள்ளி வை. மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளையில் செருகு. ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை நெகட்டிவ் கேபிளின் கிளாம்பிலும் பிடித்துக்கொண்டே கிளாம்பை மெல்லத் தூக்கு. இடையில் தொடர்பு விட்டுப்போனால் எல்லா மாட்யூலும் விழித்துக்கொள்ளும், முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதே, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

50 மில்லிஆம்புக்கு மேல் நின்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்வார்கள். நான் அதை விரும்புவதில்லை, பிடுங்கிச் செருகும்போதே தூங்கிய மாட்யூல் எழுந்துவிடும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, செருகிய நிலையிலேயே ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடு. (வயரை 10 ஆம்ப் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றுவதற்கு முன் பேட்டரி கிளாம்பைத் திரும்பப் போட்டு முறுக்கிவிடு.) சுழியம் காட்டினால் அந்த வழியில் எதுவும் போகவில்லை. 10 ஆம்ப் ஃபியூஸில் 100 மில்லிஆம்ப் போனால் ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அந்த ஃபியூஸ் எதற்கெல்லாம் போகிறது என்று பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். கேமராவைத் தவிர வழக்கமானவை டிக்கி விளக்கு, கதவுப் பூட்டுக்குள் இருக்கும் ஸ்விட்ச், ஓபிடி துளையில் (மெக்கானிக்குகள் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) செருகிய கருவிகள். வெளியில் வாங்கி மாட்டிய 90, 100 வாட் பல்புகளும் உண்டு. அவை ரிலேயின் (விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்த ஸ்விட்ச்) தொடுமுனையை உருக்கி ஒட்டவைத்துவிடும், பிறகு ஸ்விட்ச் சொன்னாலும் விளக்கு அணையாது.

முதலில் பேட்டரியை முழுதாக ஏற்று. 1859-இல் காஸ்டன் பிளான்டே செய்த ஈய-அமில பேட்டரியின் வேதியியல்தான் இன்றும்: இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகும், பிறகு திரும்பாது. ஒவ்வொரு முறை முழுதாக இறங்கும்போதும் கொஞ்சம் கொள்ளளவு நிரந்தரமாகப் போகிறது. ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி ஓட்டினால் ஏறிவிடும் என்று நம்பாதே. சார்ஜரில் 4 முதல் 5 ஆம்பில் இரவு முழுவதும் போடு. உன் காரில் நிறுத்தத்தில் இன்ஜின் தானாக அணையும் வசதி இருந்தால், நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை அங்கே போடாமல் பாடி எர்த்தில், அதாவது வண்டி உடலின் வெற்று உலோகத்தில், போடு, அப்போதுதான் ஏறியது அதன் கணக்கில் வரும். ஜம்ப் செய்ய நேர்ந்தாலும் கடைசிக் கிளிப் இன்ஜின் உலோகத்தில்தான், பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. அங்கே ஹைட்ரஜன் இருக்கும்.

சார்ஜ் ஆனபின் ஓர் இரவு விட்டு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே முடிந்துவிட்டது, கேமராவைக் குறை சொல்லாதே.

மகளுக்கு ஒன்று சொல்லிவை. புதுக் காரை அவள் இரவில் எடுக்கும்போது நீ ஆஃபில் விட்ட ஸ்விட்ச் ஆஃபிலேயே இருக்கலாம். முன்னால் பகல் விளக்கு, அதாவது வண்டி ஓடும்போது தானாக எரியும் விளக்கு, பளிச்சென்று எரியும், மீட்டரும் ஒளிரும், லைட் போட்டிருக்கிறது என்றே தோன்றும். ஆனால் பல கார்களில் பகல் விளக்கோடு பின் விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் அவள் படவே மாட்டாள். இதை நினைத்தால்தான் எனக்கு உன் பழக்கத்தின் மேல் கோபம் வருகிறது. பனிமூட்டத்தில் மட்டும் ஆட்டோவை நம்பாமல் கையால் டிம் போடச் சொல். பகல் பனி வெள்ளையாக இருக்கும், சென்சாருக்கு அது நல்ல வெளிச்சம்தான்.

மில்லிஆம்ப் எவ்வளவு வந்தது, கேமராவின் ஃபியூஸை எடுத்தபின் எவ்வளவு ஆனது, இரண்டையும் எழுது. கட்-ஆஃப் 12.4-இல் வைத்தும் மூன்றாம் நாள் இறங்கினால் பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்து எழுது.

அன்புடன்,
ரகு