மூத்தவனுக்கு 22 ஆவதற்குள்: ஒரு குடும்பத்துக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

வருகிற மாசியில் ஒரு பையனுக்கு 22 வயது நிறைகிறது. அதற்கு முன், அவன் குடும்பத்தை அகதிகளாகக் கனடாவுக்கு அழைக்க நாங்கள் ஸ்பொன்சராக (செலவுக்குப் பொறுப்பேற்பவராக) போடும் விண்ணப்பம் ஒட்டாவா போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், கோப்பு முடிய எத்தனை வருடம் எடுத்தாலும் அவன் வயது அன்றைய வயதாகவே கணக்கில் நிற்கும். தாய் தகப்பனோடும் இரண்டு தங்கைகளோடும் ஒரே குடும்பமாகக் கனடாவுக்கு வரலாம். பிந்தினால், 22 நிறைந்துவிட்டதால், பெற்றோரின் கோப்பில் சேரக்கூடிய 'தங்கிவாழும் பிள்ளை' அவன் இல்லை. தனிக் கோப்பு, தனி ஸ்பொன்சர், தனிக் காத்திருப்பு. மற்ற நாலு பேரும் விமானம் ஏற, அவன் இப்போது இருக்கிற மலேசியாவில், கோலாலம்பூரில், தனியே நிற்க வேண்டி வரலாம்.

இவர்கள் எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் தங்கை குடும்பம். போர் முடிந்து மூன்றாம் வருடம் வன்னியிலிருந்து வெளிக்கிட்டவர்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை இருக்கிறது. ஆனால் மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அங்கே அகதிக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. தகப்பன் கட்டட வேலைக்குப் போகிறார். போகும் வழியில் சோதனை வந்தால் அன்றைய கூலியோடு நிம்மதியும் போய்விடும். மூத்தவன் 15 வயதிலிருந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான்.

போன மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பலர் உடனே கை கொடுத்தீர்கள். அதைவிடப் பல பேர் கேள்வி கேட்டீர்கள். கேட்டது நல்லது. பணம் கொடுப்பவருக்கு எல்லாம் விளங்க வேண்டும்.

அதிகம் வந்த கேள்வி: "என் தம்பி வவுனியாவில் இருக்கிறான், அவனையும் இப்படிக் கூப்பிடலாமா?" முடியாது. மனதுக்குக் கஷ்டமான பதில்தான், ஆனால் மறைக்கக் கூடாது. தனியார் குழுக்கள் பொறுப்பேற்று அகதிகளை அழைக்கும் இந்தத் திட்டத்தில், அழைக்கப்படுகிறவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சொந்த நாட்டுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க முன்பு ஒரு பிரிவு இருந்தது, அதை 2011-ல் எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்தால் மட்டும் போதாது. இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணத்தால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும், அல்லது போராலோ பாரிய மனித உரிமை மீறலாலோ நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். திரும்பிப் போகவும் முடியாமல், இருக்கிற நாட்டில் நிலையாக வேரூன்றவும் முடியாமல் இருக்க வேண்டும். சொந்தக்காரர் என்பது ஒரு தகுதியே இல்லை. அவர்களுக்காக யார் ஓடித் திரிவார்கள் என்பதை மட்டும்தான் உறவு தீர்மானிக்கிறது. அக்கா தங்கையைச் சாதாரணக் குடும்ப ஸ்பொன்சரில் அழைக்கப் பொதுவாக வழியில்லை என்பதால்தான் நாங்கள் இந்தக் கதவைத் தட்டுகிறோம்.

"ஐ.நா. அட்டை இருக்கிறதே, பிறகென்ன?" என்றும் கேட்டார்கள். அட்டை பெரிய பலம், ஆனால் முடிவெடுப்பது கனடா விசா அதிகாரி. நேர்முகத்தில் அவர் கேட்பதும், முன்பு ஐ.நா.விடம் சொன்னதும், படிவத்தில் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அவர்களோடு இருந்து திகதி திகதியாகச் சரிபார்த்தோம். வருகிறவரோ வராதவரோ, துணை, பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் எழுதினோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், யாரோ சொன்ன புத்தியைக் கேட்டு ஒரு மகளின் பெயரை விட்டுவிட்டார்கள். அவளைப் பிறகு அழைக்க அந்தத் தாய் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

இளைய மகளுக்கு வலிப்பு நோய். அதைச் சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்று ஓர் அம்மா கவலையோடு கேட்டார். மருத்துவச் செலவு கூடும் என்ற காரணத்துக்காக அகதியாகத் தேர்வாகிறவரை மறுக்க முடியாது. அதனால் ஒளிக்காமல் எழுதியிருக்கிறோம்.

சரி, ஐந்து பேர் சேர்ந்து 'ஐவர் குழு'வாக நாங்களே ஸ்பொன்சர் கையெழுத்துப் போட்டால் என்ன? முன்பு அப்படிச் செய்திருக்கலாம். ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பம் வாங்குவதை 2024 நவம்பர் 29-ல் அரசு நிறுத்தி வைத்தது. அதனால் அரசோடு ஸ்பொன்சர் உடன்படிக்கை வைத்திருக்கிற ஒரு தேவாலய அமைப்பின் கீழ் போகிறோம். அவர்களுக்கும் வருடத்துக்கு இத்தனை பேர் என்ற அளவு உண்டு. நமக்கு ஐந்து இடம் தந்திருக்கிறார்கள். முழுப் பணமும் வைப்பில் இருந்தால்தான் கோப்பை அனுப்புவார்கள்.

அந்தப் பணம் 38,000 டொலர். கையில் 21,400 இருக்கிறது. இன்னும் 16,600 வேண்டும். இதில் ஒரு சதம்கூட விண்ணப்பக் கட்டணம் இல்லை, அகதி விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் எடுப்பதில்லை. அவர்கள் வந்திறங்கும் நாளிலிருந்து 12 மாதத்துக்கு வீட்டு வாடகை, சாப்பாடு, குளிர் உடுப்பு, பஸ் செலவு, கட்டில் மெத்தை எல்லாவற்றுக்கும் நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறோம். ஸ்காபரோ வாடகை உங்களுக்குத் தெரியும், பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

அந்தக் குடும்பத்திடம் நாங்கள் காசு வாங்கவில்லை, பிறகு திருப்பிக் கேட்கவும் மாட்டோம். ஸ்பொன்சர் செய்வதற்கு அகதியிடம் பணம் வாங்குவது விதிகளுக்கு விரோதம். "இடம் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று யாராவது உங்கள் உறவினரிடம் கேட்டால், தயவுசெய்து கொடுக்க விடாதீர்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், கொடுத்தவர் விரும்பினால் பணம் அவருக்கே திரும்பும், இல்லையென்றால் அடுத்த குடும்பத்துக்காக வைப்பில் இருக்கும். நாங்கள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் இல்லை, வரிக்கழிவு ரசீது தர இயலாது. கணக்குப் புத்தகத்தை எந்தக் கூட்டத்திலும் திறந்து பார்க்கலாம்.

20 டொலரும் உதவிதான். மாதம் 50 என்று பத்து மாதம் தருவதாகச் சிலர் சொன்னீர்கள். மிக்க நன்றி, ஆனால் மாசிக்கு முன் வைப்பில் இருக்க வேண்டிய தொகை என்பதால், முடிந்தவர்கள் முன்கூட்டியே தந்தால் பெரிய உதவி. பணம் தர முடியாதவர்கள் வேறு விதத்தில் தோள் கொடுக்கலாம்: நல்ல நிலையில் உள்ள தளபாடம், வைத்தியரிடம் கூட்டிப்போக ஒரு கார், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஒரு நாள் லீவு. இவற்றையும் பெயரோடு எழுதி வைக்கிறோம்.

வருகிற மூன்று ஞாயிறும் மாலை நாலு மணி முதல் மண்டப வாசலில் எங்கள் மேசை இருக்கும். காசோலையும் எடுப்போம். வந்து இன்னும் கேள்வி கேளுங்கள்.

அன்புடன்,
செயற்குழு