போட்டது வோட்டு, கட்டினது தாலியில்லை

யாழ்ப்பாணத்தில தமிழ்க் கட்சியளை நடத்துற ஐயாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் 1988ல வெளிக்கிட்டனான், இப்ப கனடாக்காரன், பாஸ்போட்டும் கனடாதான், அதால உங்கட வோட்டர் லிஸ்ட்டில என்ர பேர் இல்லை, என்னால உங்களுக்கு அரைச்சதப் பிரயோசனமும் இல்லை. எண்டாலும் போன மாசம் கோண்டாவிலில அம்மாவோட மூண்டு கிழமை நிண்டிட்டு வந்ததில இருந்து ஒண்டு மனசைக் கிடந்து அரிக்குது.

ஒருநாள் பின்னேரம் விறாந்தையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறம். சித்தப்பா 1977ல உதயசூரியனுக்குப் போட்டதில இருந்து கூட்டணி, கூட்டமைப்பு, தமிழரசுக் கட்சியின்ர வீட்டுச் சின்னம் எண்டு அசையாமல் நிக்கிற மனுசன். அக்காவின்ர மகன் ஓட்டோ ஓடுறவன், 2024 நவம்பர் பாராளுமன்ற எலெக்சனில தேசிய மக்கள் சக்தியின்ர திசைகாட்டிக்குத்தான் போட்டனான் எண்டு போற போக்கில சொல்லிப்போட்டான். சித்தப்பா கோப்பையை டக்கெண்டு கீழ வைச்சிட்டு "துரோகியள்" எண்டார். பெடியன் சிரிச்சான். "தாத்தா, போட்டது வோட்டு, தாலியோ கட்டினனான்? மேயில உள்ளூராட்சிக்கு உங்கட வீட்டுக்குத்தானே போட்டனான், ஒழுங்கைக்கு லைட் போடுவிச்ச அக்கா அதில நிண்டவா."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனா இரவு படுக்கேக்க சித்தப்பாவின்ர அந்தத் துரோகி எண்ட சொல் மனசை விட்டுப் போகேல்லை.

ஏனெண்டா அந்தச் சொல்லுக்குப் பின்னால வெடிச் சத்தம் கேட்டு வளந்தவை நாங்கள். 1975ல யாழ்ப்பாண மேயராயிருந்த அல்பிரட் துரையப்பாவைத் துரோகி எண்டுதான் சுட்டவை. 1998ல ஒரே வருசத்தில சரோஜினி யோகேஸ்வரன், பொன். சிவபாலன் எண்டு ரெண்டு மேயர்மார், சில மாச இடைவெளியில. ஒரு மாநகரசபைக் கதிரைக்கு இவ்வளவு ரத்தம். கொழும்பு செய்ததை நான் மறக்கேல்லை, 1981ல யாழ் நூலகம் எரிஞ்ச சூடு ஆறமுந்தி ஜூன் 4 எங்களை வோட்டுப் போடச் சொன்னவை, தற்காலிகம் எண்டு 1979ல கொண்டந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மூண்டு வருசத்தில நிரந்தரமாக்கினவை, அதெல்லாம் வேற கணக்கு, அதை அவையோட தீர்க்கவேணும். நான் இஞ்ச கதைக்கிறது எங்கட வீட்டுக் கணக்கை.

என்ர கணக்கையும் சொல்லிப்போடுறன். 2005 ஜனாதிபதி எலெக்சனுக்கு ஸ்காபரோவில இருந்து போன் எடுத்து, அம்மா வோட்டுப் போடப் போகாதையுங்கோ எண்டு சொன்னவன் நான்தான். புலியளின்ர சொல்லைக் கேட்டுத்தான் நான் சொன்னன் எண்டது உங்களுக்கும் தெரியும். அண்டைக்கு யாழ் மாவட்டத்தில நூற்றுக்கு ரெண்டு பேர் கூடப் போடேல்லை, அங்கால மகிந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் வோட்டு வித்தியாசத்தில வெண்டார், அதுக்குப் பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. அம்மா அப்ப போனில "ஓம் தம்பி" எண்டு மட்டும் சொன்னவா. இந்த முறைதான் கேட்டன், அண்டைக்கு உங்களுக்குப் போக விருப்பமிருந்ததோ எண்டு. சேலை எடுத்து வைச்சிருந்தனான் எண்டா.

கனடா சொர்க்கமெண்டு ஆரும் நினைக்கவேண்டாம், அங்கயும் பொய்யும் புளுகும் தாராளம். ஆனா எலெக்சனுக்கு என்ர வளவில ஒரு கட்சியின்ர சிவப்புப் பலகை, பக்கத்து வீட்டுக்காரன் எதிர்க்கட்சியின்ர நீலம், ஸ்னோ கொட்டினா எனக்கு முன்னம் எழும்பி என்ர பாதையையும் சேத்துத் தள்ளிவிடுறவன் அவன்தான். எனக்கு இது பழக இருபது வருசம் பிடிச்சுது. கோண்டாவில் பெடியன் ஒருத்தன் தாத்தாவுக்கு முன்னால இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே அதைச் சொல்லுறான் பாருங்கோ, எனக்கு நம்பிக்கை வந்த இடம் அதுதான்.

2024ல யாழ்ப்பாணத்து ஆறு சீட்டில மூண்டு திசைகாட்டிக்குப் போனவுடன உங்கட ஆக்கள் வட்ஸ்அப்பில என்னென்ன எழுதினவை. சனம் விலைபோயிட்டுது, மானமில்லாததுகள், துரோகியள். அந்த ஆறு சீட்டுக்கு 40க்கு மேல கட்சியும் குழுவுமாய் வோட்டுச்சீட்டு பாய் மாதிரி நீண்டு கிடந்ததே, அதை ஆர் செய்தது? சனமோ? பேந்து 2025 மேயில கனக்கச் சபையளில அதே சனம் வீட்டை முன்னுக்குக் கொண்டந்துது, அப்ப மட்டும் மக்கள் தீர்ப்பு எண்டு மாலை போட்டியள்.

2013ல வட மாகாண சபையில 38ல 30 சீட்டைக் கூட்டமைப்புக்குத் தந்தது இந்தச் சனம். 2018 ஒக்டோபரோட அந்த மாகாண சபை முடிஞ்சுது, பிறகு எலெக்சனே நடக்கேல்லை. நடத்தாததுக்குக் கொழும்பைக் கேளுங்கோ, நாங்களும் கேக்கிறம். ஆனா அந்த அஞ்சு வருசம் உள்ளுக்க சண்டை பிடிச்சதுக்கு மற்ற ஆரைக் கேக்கிறது? பெடியன் இதைத்தான் கேக்கிறான், அவன் மேடைப் பேச்சுக் கேக்கேல்லை, கணக்குக் கேக்கிறான்.

எலெக்சன் வந்தா மைக் இல்லாமல் ஒருக்கா எங்கட ஒழுங்கைக்கு வாங்கோ. சித்தப்பா கதிரை போடுவார், பெடியனும் நிப்பான். நான் அப்ப ஸ்காபரோவில இருப்பன், அம்மாவோட வழமை போலக் கதைப்பன், சாப்பிட்டியளோ, கால் நோ எப்பிடி எண்டு, ஆருக்குப் போடுறது எண்ட கதை எடுக்க மாட்டன்.