பாசா நோவா ஆடப் பிறந்ததல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த இசைக் கட்டுரை பாசா நோவாவைப் 'பிரேசில் நடனம்' என்கிறது. இதைத் திருத்த வேண்டும். 1950-களின் கடைசியில் ரியோ டி ஜெனிரோவின் கோபகபானா, இபனேமா வீடுகளிலும் சின்ன விடுதிகளிலும் உட்கார்ந்து கேட்ட பாட்டு அது. ஆடுவதற்கு அங்கே சாம்பா இருந்தது. 1962, 63-ல் அமெரிக்காவில் மோகம் பரவியபோதுதான் அங்குள்ள நடனப் பள்ளிகள் அந்தப் பெயரில் ஜோடி நடனம் ஒன்றைக் கற்றுத்தந்தன. அது சீக்கிரமே வழக்கொழிந்தது.

'பாசா' ரியோ பேச்சில் ஒருவருக்குக் கைவந்த தனிப்பாணி, 'நோவா' புதியது. புதுமை முக்கியமாக, பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் தந்தி மீட்டும் வலது கையில் இருந்தது. 1958-ல் அவர் பதிவுசெய்த 'ஷேகா ஜி சௌடாஜி' பாட்டுக்கு மெட்டு ஜோபிம், வரிகள் வினிசியுஸ் டி மொராயிஸ். கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக் கொத்துகளில்) ஜாஸ் சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாளம் சாம்பாதான். சாம்பாவின் பெரிய முரசான சுர்டுவின் வேலையைக் கட்டைவிரல் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அடியிலும் தவறாமல் விழும். தம்போரிம் என்ற சிறு பறையின் வேலையை மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து, அடி தப்பி மீட்டுகின்றன. பிக் (தந்தி மீட்டும் சிறு தகடு) வைத்து வாசித்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. நைலான் தந்தி, வெறும் விரல், இதுவே முறை.

பழகுபவர்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். விரல்கள் அடி தப்பும்போது கட்டைவிரலும் கூடவே இழுபட்டுப் போகும். அத்தோடு தாளம் சரிந்துவிடும். கட்டைவிரலை மட்டும் தனியாக, பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்குப் பழகிய பிறகே விரல்களைச் சேர்க்க வேண்டும். அடுத்தது, முதல் அடியை ஓங்கி அடிப்பது. சாம்பாவில் கனம் இரண்டாம் அடியில்.

நம் ஊர் கீபோர்டுகளில் இந்தப் பெயரில் இருக்கும் ரிதத்தை வைத்து மட்டும் இதை எடைபோடக் கூடாது. டிரம்ஸ் விளிம்பில் வழக்கமாகத் தட்டும் கணக்கு, இரண்டு ஆவர்த்தத்தை 16 கூறாகப் பிரித்தால், 1, 4, 7, 11, 14-ஆம் கூறுகளில் விழும். கியூபாவின் சோன் க்ளாவே என்ற தாளக் கணக்கில் கடைசித் தட்டு 13-ல் விழும். பலர் பழக்கத்தில் அதையே வாசித்துவிடுகிறார்கள். ஜில்பெர்ட்டோவோ எந்த ஒரு கணக்கையும் பாட்டு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்ததில்லை. குரலைக் கிட்டாருக்குச் சற்று முன்னும் பின்னுமாக நகர்த்துவார். கமகமோ அசைவோ இல்லாமல், மைக்குக்கு அருகில், பேசும் அளவில்தான் பாடுவார். குரல் உயர்ந்தால் கிட்டாரின் நுட்பம் அமுங்கிவிடும்.

திருத்தத்தோடு ஒரு இசைத்தொகுப்பையும் பரிந்துரையுங்கள்: 1973-ல் ஜில்பெர்ட்டோவின் பெயரிலேயே வந்தது. பெரும்பாலும் குரல், கிட்டார், மெல்லிய தாளவாத்தியம் மட்டுமே. கட்டைவிரல் தெளிவாகக் கேட்கும்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர், திருச்சி