கட்டடத்தின் சொந்த எடை: மகளுக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் நலம் அறிய ஆவல். சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில் பேசியபோது, துபாயில் எழவிருக்கும் நாற்பது மாடி ஹோட்டலின் தூண்களுக்குரிய பாரக் கணக்கை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். மென்பொருளே எல்லாவற்றையும் கூட்டித் தந்துவிடுகிறது, எண்களை எடுத்து அட்டவணையில் சேர்ப்பது மட்டும்தான் என் வேலை என்று சற்றுச் சலிப்போடும் சொன்னாய். அம்மா பக்கத்தில் காத்திருந்ததால் நான் பேச்சை வளர்க்கவில்லை. ஆனால் அந்தச் சொல் இரண்டு இரவுகளாக என்னை விடவில்லை. கட்டுமானத்தில் நான் கழித்த 35 ஆண்டுகளும், அந்தக் கணக்கு தவறியதால் இடிந்துபோன ஒரு ஹோட்டலின் முன்னால்தான் தொடங்கின. அதைப் பற்றி உன்னிடம் முழுமையாக நான் பேசியதே இல்லை.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. எனக்கு 22 வயது. தொழிற்கல்வி முடித்து ஒரு கட்டுமான நிறுவனத்தில் மேற்பார்வையாளருக்கு உதவியாளனாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அரைநாள் வேலை முடிந்து பேருந்தில் வந்தபோது சிராங்கூன் சாலையைக் காவலர்கள் மறித்திருந்தார்கள். இறங்கி நடந்தேன். ஓவன் சாலை முனையில், தினமும் நான் கடந்துபோன லியான் யாக் கட்டடம் இருந்த இடத்தில் தூசி மட்டுமே நின்றது. கீழே வங்கி, அதற்கு மேல் இரவு விடுதி, அதற்கும் மேல் நியூ வேர்ல்ட் ஹோட்டல் என்று ஆறு மாடிகள் இருந்தன. முற்பகல் பதினொன்றரை மணி வாக்கில் அவை அத்தனையும் ஒரு நிமிடத்திற்குள் உட்கார்ந்துவிட்டன. பெருவிரைவு ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் உதவிக்கு வந்து, இடிபாடுகளுக்கு அடியில் சிறு சுரங்கங்கள் குடைந்து உள்ளே போனார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 33 பேர் இறந்தார்கள்.

சுரங்க வேலையால் நிலம் தளர்ந்ததா, எரிவாயு வெடித்ததா, கான்கிரீட் தரமற்றதா, பின்னாளில் கட்டடத்தில் ஏற்றிய கூடுதல் பாரங்கள் காரணமா என்று விசாரணைக் குழு ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. கடைசியில் தெரியவந்த காரணத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. கட்டடத்தில் வந்து போகும் மனிதர்களுக்கும் பொருட்களுக்கும் உரிய மாறும் சுமையை வடிவமைப்பில் கணக்கிட்டிருந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையான நிலைச் சுமையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1971-இல் கட்டி முடித்த நாளிலிருந்தே அந்தத் தூண்கள் தாங்க முடியாததைத் தாங்கிக்கொண்டு 15 ஆண்டுகள் நின்றிருக்கின்றன. இடிவதற்கு முன்பே சில தூண்களில் விரிசல் தெரிந்திருக்கிறது. பின்னால் ஏற்றியவை ஏற்கெனவே முறியவிருந்ததைச் சற்று முன்கூட்டி முறித்தன, அவ்வளவுதான்.

அதே ஆண்டு, அதே ஊரில், ராஃபிள்ஸ் கல்வி நிலையம் முன்பு இருந்த இடத்தில், கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்த ராஃபிள்ஸ் சிட்டி திறக்கப்பட்டது. அதன் வெஸ்டின் ஸ்டாம்ஃபர்ட் ஹோட்டல் 73 மாடிகளோடும் 226 மீட்டர் உயரத்தோடும் அன்றைக்கு உலகிலேயே மிக உயரமான ஹோட்டலாக நின்றது. 73 மாடி நிற்க, 6 மாடி ஏன் விழுந்தது என்ற கேள்வியோடுதான் நான் மாலை வகுப்பில் சேர்ந்து கட்டமைப்புக் கணக்கைப் படித்தேன். உயரம் என்பது தன்னளவில் ஆபத்து அல்ல. எண்ணாமல் விட்ட எடைதான் ஆபத்து.

இப்போது உன் தூணுக்கு வருகிறேன். தூண்களுக்கிடையே ஒரு பக்கம் 8 மீட்டர், மறுபக்கம் 6 மீட்டர் என்று நீ சொன்னதாக நினைவு. அப்படியானால் நடுவில் நிற்கும் ஒரு தூண் மாடிக்கு 48 சதுர மீட்டர் தளத்தைச் சுமக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எடை கொண்டது. 200 மில்லிமீட்டர் கனமுள்ள தளம் சதுர மீட்டருக்கு 500 கிலோ. தரைப்பூச்சு, கல், தடுப்புச் சுவர், கூரையடியில் தொங்கும் குழாய்கள் ஆகியவற்றுக்கு இன்னொரு 250 கிலோ வைத்துக்கொள். ஆக மாடிக்கு 36 டன், நாற்பது மாடிக்கு 1,440 டன். தூணும் தன் எடையைத் தானே சுமக்க வேண்டும்: ஒரு மீட்டர் சதுரத் தூண், மாடி உயரம் 3.3 மீட்டர், கீழிருந்து மேல்வரை ஒரே அளவு என்று கொண்டால் நாற்பது மாடிக்கு 330 டன். இனி விருந்தினர், கட்டில், பெட்டி என்று வரும் மாறும் சுமைக்கு வா. ஹோட்டல் அறைக்கு விதிநூல் கேட்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. நாற்பது மாடிக்கும் சேர்த்து 384 டன். எல்லா மாடிகளும் ஒரே நேரத்தில் நிரம்பி வழிவதில்லை என்பதால் அதிலும் குறைத்துக்கொள்ள விதிநூல் இடம் தருகிறது என்பதை நீ அறிவாய்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அறைகளில் தங்கப்போகும் அத்தனை பேரும் அவர்கள் பொருட்களும் சேர்ந்து மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தூணின் எடை மட்டுமே ஏறக்குறைய அவர்கள் எடைக்கு வந்துவிடுகிறது. நிலைச் சுமையை மறப்பது என்றால் கணக்கின் ஒரு வரியை மறப்பது அன்று, கணக்கையே மறப்பது. மென்பொருளில் ‘சொந்த எடை’ என்ற ஒரு கட்டத்தைக் குறிக்காமல் விட்டாலும் அது முகம் சுளிக்காமல் ஒரு விடையைத் தரும். அந்த விடை சிறியது என்று கண்டுகொள்ள, சரியான விடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எடை போய்ச் சேரும் இடத்தைப் பற்றி இனி நினைத்துப் பார். நீ அலுவலகம் போகும் வழியில் புர்ஜ் அல் அராப் தெரிகிறது என்றாய். 1999-இல் திறந்த அந்த 321 மீட்டர் ஹோட்டல், கரையிலிருந்து 280 மீட்டர் தள்ளிக் கடலில் கொட்டி உருவாக்கிய தீவின்மேல் நிற்கிறது. கெட்டியான பாறை எட்ட முடியாத ஆழத்தில் இருந்ததால், 40 மீட்டர் நீளமுள்ள 230 கான்கிரீட் பைல்களை, அதாவது நிலத்துக்கு அடியில் நிற்கும் அடித்தளத் தூண்களை, மணலுக்குள் இறக்கினார்கள். பைலின் அடி எதன்மீதும் ஊன்றி நிற்கவில்லை. அதன் பக்கங்களை மணல் இறுகப் பற்றியிருக்கும் உராய்வுதான் தாங்குகிறது. தீவை உருவாக்க எடுத்துக்கொண்ட காலம், அதன்மேல் கட்டடத்தை எழுப்பிய காலத்திற்கு ஏறத்தாழச் சமம் என்பதைக் கவனி. பாய்மரம் போன்ற அந்த வடிவத்தைப் படம் பிடிக்கிறவர்கள் பைலை நினைப்பதில்லை. நீ நினைக்க வேண்டும்.

மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் மூன்று கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்த 2009-இல் உன்னை அழைத்துப்போய்க் கரையில் நிறுத்திக் காட்டினேன். நீ ஐஸ்கிரீமைத்தான் நினைவில் வைத்திருப்பாய். கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அது. அடியில் சேறு போன்ற மென்களிமண். ஒவ்வொரு கோபுரமும் இரண்டு கால்களாகத் தொடங்கி, சாய்ந்து வரும் கால், செங்குத்தான காலோடு 23-ஆம் மாடி அளவில் சேர்கிறது. முடிந்த கட்டடத்தில் அவை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சேர்வதற்கு முன்னால்? முதல் கோபுரத்தில் 26 பாகை வரை சாயும் அந்தக் காலை அதன் சொந்த எடையே கீழே இழுக்கும். ஆகவே தற்காலிக எஃகுத் தாங்கிகளை நடுவில் கொடுத்தும், சுவர்களுக்குள் முறுக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டியும் ஏற்றினார்கள். வரைபடத்தில் முடிந்து நிற்கும் கட்டடத்தை மட்டுமே பார்த்துக் கணக்கிடும் பொறியாளர், கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கட்டடத்தை மறந்துவிடுவார். உச்சியில் 340 மீட்டர் நீளத் தோட்டம். அதன் ஒரு முனை 66.5 மீட்டர் அந்தரத்தில் நீண்டிருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஒரு டன் என்பதால் அங்குள்ள நீச்சல் குளமும் நிலைச் சுமையே. மூன்று கோபுரங்களும் காற்றில் தனித்தனியே அசையும், தனித்தனியே சிறிது அமிழும் என்பதால், குளத்தின் நடுவே அசைவு இணைப்புகளும் அடியில் உயரம் திருத்தும் ஜாக்கிகளும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது யாரும் பார்க்காத அந்த ஜாக்கிகள்தான்.

ஹோட்டலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அலுவலகக் கட்டடத்தில் அது இவ்வளவு கடுமையாக வருவதில்லை. மேலே சிறிய அறைகள், அவற்றுக்கிடையே நெருக்கமான சுவர்களும் தூண்களும். கீழே வரவேற்புக் கூடமும் விருந்து மண்டபமும். அங்கே நடுவில் ஒரு தூண் வந்தாலும் உரிமையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே மேலிருந்து வரும் தூண்களை டிரான்ஸ்ஃபர் பீம் என்னும் ஒரு பெரிய குறுக்கு உத்தரத்தின்மேல் நிறுத்தி, எடையை ஓரங்களுக்குத் திருப்புகிறோம். இருபது முப்பது மாடியின் எடை ஒரே பீமில் வந்து உட்காருகிறது.

நீ பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது நான் ஒரு ஹோட்டல் வேலையிடத்தில் அப்படிப்பட்ட பீம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தேன். கான்கிரீட் ஊற்றிய அச்சுப் பலகைகளைக் கழற்றியபோது பீமின் அடிப்பக்கம் இரண்டு மீட்டர் நீளத்திற்குத் தேன்கூடு போல் ஓட்டை விழுந்து, உள்ளே கம்பி தெரிந்தது. கம்பிகள் மிக நெருக்கமாக இருந்ததால் ஜல்லி இறங்கவில்லை, கலவையை அதிர்த்து இறக்கும் வைப்ரேட்டரின் ஊசியும் அங்கே எட்டவில்லை. இரவோடு இரவாகச் சிமெண்ட் கலவை பூசி மறைத்துவிடு, காலையில் ஆலோசகர் வருகிறார் என்று எனக்கு மேலிருந்தவர் சொன்னார். வீட்டுக் கடனும் கைக்குழந்தையும் கண்முன் வந்தன. நான் எதுவும் பேசாமல் வீட்டுக்கு வந்து, இரவு முழுவதும் உன் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓவன் சாலை முனையின் தூசிதான் கண்ணில் நின்றது. விடியற்காலையில் போய்ப் பூச்சு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆலோசகரிடம் நானே காட்டினேன். முட்டுகளை எடுக்காமல் வைத்துக்கொண்டு, கெட்டியான கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுத்து, சுருங்காத கலவையை அழுத்திச் செலுத்திச் சரிசெய்தோம். மூன்று நாள் வீணானது என்று என்மீது கோபப்பட்டார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் என்னை அழைக்கவில்லை. அம்மாவிடம் இன்றுவரை காரணத்தைச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை அவள் படித்தால் படிக்கட்டும்.

காற்றைப் பற்றி உன் பாடத்தில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இவ்வளவு நேரம் நான் எச்சரித்த அதே சொந்த எடை, காற்று கட்டடத்தைத் தள்ளும்போது காற்று வரும் பக்கத்துத் தூண்கள் மேலெழாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் துணையும் ஆகிறது. அதனால் எடையைக் கூட்டிக் கணக்கிடுவதும் சில இடங்களில் தவறுதான். காற்றுக்கான கணக்கில் நிலைச் சுமையைக் குறைத்து வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உயரமான தூண் தன் எடையால் காலப்போக்கில் குறுகவும் செய்யும். நடுவிலுள்ள லிப்டுச் சுவரும் ஓரத் தூணும் ஒரே அளவில் குறுகாவிட்டால் தளம் சாயும், கண்ணாடி நெரியும், கதவு மாட்டிக்கொள்ளும். விருந்தினருக்கு அது கதவின் குறையாகத் தெரியும். உனக்குத் தூணின் கணக்காகத் தெரிய வேண்டும்.

துபாயின் வெயிலை மறக்காதே. புர்ஜ் கலீஃபாவைக் கட்டியபோது, கோடையில் கான்கிரீட்டை இரவிலேயே ஊற்றினார்கள், கலவை நீரில் பனிக்கட்டியும் சேர்த்தார்கள். சூட்டில் கலவை விரைவாக இறுகி விரிசல் விடும் என்பதே காரணம். நிலத்தடி நீரில் உப்பு மிகுதி என்பதால் அடித்தளக் கம்பிகளைத் துரு பிடிக்காமல் காக்கத் தனி ஏற்பாடும் அங்கே செய்தார்கள். நீ வடிவமைப்புப் பிரிவில் இருந்தாலும், மாதத்தில் ஓரிரவாவது வேலையிடத்திற்குப் போ. வண்டியிலிருந்து கலவை இறங்கும்போது பக்கத்தில் நில். கான்கிரீட்டின் வலிமையை அறிய இருபத்தெட்டாம் நாள் மாதிரிக் கட்டியை உடைத்துப் பார்க்கும் சோதனைக்கும் ஒருமுறை போய் வா. கம்பி கட்டும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள், அவர்களிடம் பேசு. எந்த மூலையில் கம்பி நெருக்கம் என்று வரைபடத்தைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

நியூ வேர்ல்ட் இடிந்த பிறகு சிங்கப்பூரில் 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளரின் கணக்கை, அவரோடு தொடர்பில்லாத இன்னொரு தகுதிபெற்ற பொறியாளர் புதிதாகப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கட்டி முடித்த கட்டடங்களையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நான் அந்த 33 பேரைப் பார்க்கிறேன்.

நீ சென்ற வாரம் சொன்ன நடுத்தூணை, மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால், ஒரு தாளில் கையால் போட்டுப் பார். உண்மையான கனம், உண்மையான அளவுகள் உன்னிடம் இருக்கின்றன. என்னுடையவை நினைவிலிருந்து எடுத்தவை. என் கணக்கில் 2,154 டன் வருகிறது. தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் எண் எவ்வளவு, மென்பொருளின் எண் எவ்வளவு என்று அடுத்த ஞாயிறு பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா