முதலில் தண்ணீர் எத்தனை டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிவாயுக் குழாய் போய்ச்சேராத கட்டடங்களில் வெந்நீரால் அறைகளைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லருக்குப் பதிலாக எதை வைக்கலாம் என்ற உங்கள் கட்டுரை, ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கடத்தும் இயந்திரம்), பெல்லட் பாய்லர் (மரத்தூளை அழுத்திய சிறு குச்சிகளை எரிப்பது), மின் ஹீட்டர் மூன்றையும் ஒப்பிட்டிருந்தது. மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் விடுபட்டுவிட்டது. கடுங்குளிர் நாளில் அந்தக் கட்டடம் சூடாக இருக்க, அறைகளில் உள்ள ரேடியேட்டருக்குள் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) எத்தனை டிகிரித் தண்ணீர் ஓட வேண்டும்? இதைக் கணக்கிடாமல் இயந்திரத்தை வாங்குவதால்தான் "ஹீட் பம்ப் சூடே தருவதில்லை" என்ற புகார் வருகிறது.

ரேடியேட்டருக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் வாட் அளவு, பொதுவாகத் தண்ணீரின் சராசரி வெப்பநிலை அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது கிடைப்பது. அறை 20 டிகிரி என்றால் தண்ணீர் 70. ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடுவது 45 டிகிரி வாக்கில். அப்போது வித்தியாசம் 25 ஆகிவிடுகிறது. வித்தியாசம் பாதியானால் வெப்பமும் பாதியாவது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், சுமார் 40 சதவீதம்தான் கிடைக்கும். 2,000 வாட் ரேடியேட்டர் 800 வாட் தரும்.

அந்த 800 வாட் போதுமா என்பதை அறை அறையாகப் போட்டுப் பார்க்கலாம். 20 சதுர மீட்டர் தரை, 2.5 மீட்டர் உயரம், மேலும் கீழும் பக்கத்திலும் சூடான அறைகள், வெளியே 0, உள்ளே 20 என்று வைத்துக்கொள்வோம். 12 சதுர மீட்டர் வெப்பக் காப்பில்லாத செங்கல் வெளிச்சுவர், சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 2 வாட் வீதம் 480 வாட்டை வெளியே விடும். 3 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 5 வாட் வீதம் 300. காற்றுக் கசிவுக்கு அறையின் கன அளவை 0.33-ஆல் பெருக்கி, மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பதாலும் வெப்ப வித்தியாசத்தாலும் பெருக்க வேண்டும். ஒருமுறை மாறினால் 330. மொத்தம் 1,110 வாட். 800 போதாது.

ஜன்னலுக்கு நல்ல இரட்டைக் கண்ணாடி போட்டால் 300 என்பது 90 ஆகும். இடுக்குகளை அடைத்துக் கசிவைப் பாதியாக்கினால் 165. மொத்தம் 735. சுவரைத் தொடாமலே அதே ரேடியேட்டர் போதுமானதாகிவிட்டது! ஆனால் இடுக்கை அடைப்பவர்கள் காற்றோட்டத்துக்கு முறையான வழி வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அறையில் விறகு அடுப்பு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கணக்கைச் சரிபார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. குளிர் கடுமையாக இருக்கும் சில நாட்களில், இருக்கும் பாய்லரிலிருந்து போகும் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கி (ரேடியேட்டரில் சராசரி 45 வாக்கில் நிற்கும்), இடைவிடாமல் ஓடவிடுங்கள். எந்த அறை 20-ஐத் தொடவில்லையோ அந்த அறைக்குத்தான் பெரிய ரேடியேட்டரோ வெப்பக் காப்போ தேவை. பழைய வகை பாய்லரை நெடுநாள் இப்படி ஓட்டக் கூடாது. புகையிலுள்ள ஈரம் உள்ளே படிந்து இரும்பை அரிக்கும். குளியல் தண்ணீர்த் தொட்டியும் அதே பாய்லரில் இருந்தால், லெஜியோனெல்லா கிருமி வளராதபடி தொட்டியைத் தனியாக 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள்.

குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாய்லரில் போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் வைப்பது உண்டு. ஹீட் பம்ப்பில் சுமார் 5 டிகிரிதான். ஆகவே அதே வெப்பத்துக்கு நான்கு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். 8 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு சுமார் 23 லிட்டர். இதை 22 மி.மீ. செப்புக் குழாயில் தள்ளினால் வேகம் நொடிக்கு 1.2 மீட்டரைத் தொடும், இரைச்சல் கேட்கும், 28 மி.மீ. குழாயில் 0.7 மீட்டர்தான். 8, 10 மி.மீ. மெல்லிய கிளைக் குழாய்கள் உள்ள கட்டடத்தில் இதை முதலிலேயே பார்க்க வேண்டும். பழைய குழாய்களைக் கழுவாமல், காந்த வடிகட்டி வைக்காமல் இணைத்தால் துருச்சேறு வெப்பமாற்றியை (ஹீட் பம்ப்பின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) அடைத்து, இயந்திரம் "ஓட்டம் குறைவு" என்று நின்றுவிடும்.

பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு என்பதும் தவறு. தேவைக்கு மீறிய ஹீட் பம்ப் மிதமான குளிரில் அடிக்கடி நின்று நின்று ஓடும்; மின்சாரமும் கூடும், கம்ப்ரசரும் தேயும். தண்ணீரை ஒரு டிகிரி குறைத்தால் மின்சாரம் சுமார் 2 சதவீதம் குறையும் என்பதால், வெளிக்குளிருக்கேற்ப வெப்பநிலையைத் தானே மாற்றும் கட்டுப்பாட்டை இயக்கி வைப்பது முக்கியம். பொருத்திய பிறகும் அது அணைந்தே கிடக்கும் கட்டடங்கள் உண்டு. ஹீட் பம்ப்பின் வெளியே வைக்கும் அலகில் பனி அதிகம் படிவது உறைநிலையை ஒட்டிய ஈரக் காற்றில்தான். உருகும் நீர் நடைபாதையில் வழிந்து உறையாமல் வடிகால் வேண்டும். விட்ட குளிர்காற்றையே மீண்டும் இழுக்கும் மூலையில் அலகை வைக்கக் கூடாது.

சுவரை மாற்றவே முடியாத, 65 டிகிரிக்குக் குறைந்தால் சூடாகாத பழைய பெரிய கட்டடத்துக்கு பெல்லட் பாய்லர் நியாயமான தேர்வு. ஒரு கிலோ பெல்லட் சுமார் 4.8 யூனிட் வெப்பம் தரும். ஈரம் பட்டால் உப்பித் தூளாகி, பாய்லருக்குள் பெல்லட்டை ஊட்டும் திருகை அடைக்கும். சேமிப்பறையில் கார்பன் மோனாக்சைடு தேங்கும், காற்றோட்டமின்றி உள்ளே இறங்கவே கூடாது.

நேரடி மின் ஹீட்டர், எப்போதாவது திறக்கும் சிறு கூடத்துக்குச் சரி. மற்ற இடங்களில் மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று பாருங்கள். எண்ணெய் பாய்லர் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஏறக்குறைய 300 கிராம் கரியமில வாயு விடும். மின்சாரம் யூனிட்டுக்கு 450 கிராம் என்றால், ஹீட்டர் எண்ணெயைவிட மோசம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப்போ 150 கிராம்தான்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அறைவாரி வெப்ப இழப்புப் பட்டியல், ஒவ்வொரு ரேடியேட்டரும் 45 டிகிரியில் தரும் வாட், குழாய் அளவு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லி வாசகர்களுக்கு ஒரு குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட வெப்ப அமைப்புகளை வடிவமைக்கும் ஒரு வாசகர்