பெருக்குக்கு வருமுன் ஒரு விஷயம்

திருவையாறு,
ஜூலை 14, 2025.

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், நாத்தனார் வீட்டு வளைகாப்பு வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. உன் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இப்போது படி ஏறுகிறார்களா?

இந்த வருஷம் ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்து, 15-ஆம் தேதி கல்லணையும் திறந்துவிட்டார்கள். புதுத்தண்ணீர் செத்தையும் வாழைமட்டையும் உருட்டிக்கொண்டு நுரையோடு வந்ததைப் புஷ்ய மண்டபப் படித்துறையில் நின்று பார்த்தேன். உன் ஞாபகம்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி உன் அப்பா நம் இரண்டு பேரையும் இறக்கிவிட்டது இதே படியில்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது பாப்பாவும் ஆற்றில் நீந்த ஆசைப்படுகிறாள், காலேஜ் நீச்சல் குளத்தில் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறாள், இங்கேயும் அப்படியே இறங்கலாம்தானே என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். வேண்டாம் செல்வி. ஆற்றிலும் வேண்டாம், காலேஜ் குளத்திலும் வேண்டாம்.

போன வருஷம் சின்னவனுக்குக் கண்ணில் இன்ஃபெக்‌ஷன் என்று போனில் உன்னிடம் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. அப்போது சொல்லத் தெம்பு இல்லை.

போன வருஷம் மேட்டூரே ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? பெருக்கு கழிந்து ஒரு வாரத்தில் அவன் லீவுக்கு வந்தான். நாலு நாளும் காலையில் ஆறுதான். மாதம் முழுக்க வைத்துப் போடுகிற லென்ஸ் அது. அதோடேயே முங்குவான், தண்ணீருக்குள் கண்ணைத் திறப்பான், வீட்டுக்கு வந்து சாப்பிட்டு அதோடேயே தூங்கவும் செய்வான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்குள் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பிப் பத்து நாள் போல, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றான். பக்கத்து மருந்துக்கடையில் ஒரு சொட்டுமருந்து கொடுத்தார்கள். ஸ்டீராய்டு கலந்தது. இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, அப்புறம் வலி பிடித்துக்கொண்டது. முதலில் பார்த்த டாக்டர் ஹெர்பிஸ் வைரஸ் என்று நினைத்து வைத்தியம் செய்தார். அவனுக்கு வந்ததும் அதுவும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி இருக்குமாம். அதில் மூன்று வாரம் போய்விட்டது. கடைசியில் திருச்சியில் கருவிழியைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் தெரிந்தது, அகாந்தமீபா என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு அமீபா.

அந்த டாக்டரம்மா எனக்கும் திரையில் காட்டினார். உருண்டையாக ஒன்று, அதற்கு இரண்டு சுவர். வெளிச்சுவர் சுருங்கிப்போய், உள்சுவர் நட்சத்திரம் மாதிரி மூலை மூலையாக. ஆபத்து வந்தால் அமீபா இப்படிக் கூடு கட்டிக்கொள்ளுமாம். நீச்சல் குளத்தில் போடுகிற அளவு குளோரின் அந்தக் கூட்டை ஒன்றும் செய்யாது. பாப்பாவின் காலேஜ் குளம் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வைத்தியம் இன்னும் பெரிய பாடு. பி.ஹெச்.எம்.பி. என்று ஒரு சொட்டுமருந்து. நீச்சல் குளத்துக்குப் போடுகிற கிருமிநாசினிகளில் அதுவும் ஒன்றாம், கண்ணுக்கு 0.02 சதவீதமாக நீர்க்கவைத்துத் தருகிறார்கள். முதல் இரண்டு நாள் இரவும் பகலும் மணிக்கு ஒரு தரம். நானும் இவரும் மாற்றி மாற்றி அலாரம் வைத்து எழுந்தோம். ஜன்னல் வெளிச்சம் பட்டாலே துடித்தான், என் இரண்டு பட்டுப்புடவையை மடித்துத் தொங்கவிட்டேன். இருபது வயசுப் பையன், எங்கள் முன்னால் அழக் கூச்சப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். சொட்டு விட இமையைப் பிரிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, அது இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஏழு மாதம் மருந்து. கண் தப்பியது. கருவிழி ஓரத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு, ராத்திரியில் அந்தக் கண்ணுக்கு விளக்கெல்லாம் கலைந்து தெரிகிறது.

காவிரியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. இந்த அமீபா கிணற்றிலும் மண்ணிலும் இருக்கிறது, வீட்டுக் குழாய்த் தண்ணீரிலும் இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கழுவும் நீர் தயாரித்தவர்களுக்கு இது நிறைய வந்ததாம். நம் நாட்டில் லென்ஸ் போடாத விவசாயிகளுக்கும் வருகிறது, சேறு தெறித்தோ பதர் குத்தியோ கருவிழியில் கீறல் விழுந்தால். லென்ஸ் போட்டவர்களுக்கு அந்தக் கீறலை லென்ஸே லேசாகப் போட்டுவிடுகிறது. தண்ணீரையும் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கண்ணீர் கழுவிக்கொண்டு போக வேண்டியது அதற்கு அடியிலேயே தங்கிவிடுகிறது. அமீபா மட்டும் என்றில்லை, சூடோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, அது ஒன்றிரண்டு நாளிலேயே கருவிழியை அரித்துவிடுமாம்.

அதனால் பாப்பாவுக்கு பவர் வைத்த நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கிவிடு. மைனஸ் பவரில் அரை அரையாக ஏற்றி ரெடிமேடாகவே வருகிறது. கருவிழி வளைவுக் கோணலுக்குப் போடுகிற சிலிண்டர் பவர் அதில் இருக்காது, ஆனால் படியும் ஆளும் தெரியும், அது போதும். லென்ஸைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணோடு இறங்குவாள் என்றால் அதுவும் எனக்குப் பயம்தான். மணல் அள்ளின பள்ளங்கள் நம் காலத்தில் இல்லாத இடத்திலெல்லாம் இருக்கின்றன. மைனஸ் ஐந்து பவர் உள்ள பெண்ணுக்கு, கரையில் நின்று நாம் கை காட்டினால் தெரியாது.

காலேஜில் போட்டி என்று லென்ஸோடு இறங்கியே ஆக வேண்டுமென்றால், தினம் ஒன்றாகத் தூக்கிப்போடுகிற லென்ஸ், மேலே இறுக்கமான கண்ணாடி, ஏறினவுடன் கழற்றிக் குப்பையில். டாக்டரம்மா அதையும் அரை மனதாகத்தான் சொன்னார். உப்பில்லாத தண்ணீரில் லென்ஸ் இறுகிக் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும், இழுக்கக்கூடாது. கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, செயற்கைக் கண்ணீர் சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் நகர ஆரம்பிக்கும், அப்புறம் எடுக்கலாம். லென்ஸையோ டப்பாவையோ குழாயில் கழுவவே கூடாது. டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல். குளிக்கும்போதும் கழற்றிவிடச் சொல்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்துக்குக் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். லென்ஸ் போடுகிறேன், தண்ணீரில் இறங்கினேன் என்று அவர்கள் கேட்கும் முன்னால் இவள் சொல்ல வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோனால் அதிலும் சோதித்துப் பார்ப்பார்கள். கடைச் சொட்டுமருந்து மட்டும் வேண்டாம் செல்வி, எங்களுக்குப் போன மூன்று வாரம் அதில் ஆரம்பித்ததுதான். இதையெல்லாம் அவளிடம் நீ சொல்வதைவிடச் சின்னவன் சொன்னால் கேட்பாள். அவனே பேசுகிறேன் என்கிறான், நம்பர் அனுப்பு.

பெருக்கு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடுங்கள். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸிலேயே வா. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் எண்ணிக்கொண்டு வருவோமே, பாப்பாவுக்கும் எண்ணிக் காட்டு. காப்பரிசி நான் கிளறுகிறேன், காதோலை கருகமணி இங்கே சன்னதித் தெருவில் கிடைக்கும். நீ கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வை. பாப்பாவின் இரண்டு கண் பவரையும் எழுதி அனுப்பினால், தஞ்சாவூரில் கிடைக்கிறதா என்று நானும் விசாரித்து வைக்கிறேன்.

அண்ணனுக்கும் மாமியாருக்கும் என் நமஸ்காரம் சொல்.

அன்புடன்,
உன் கௌரி